முதுகுத்தண்டில் ஊசி: அப்பாவுக்கு இந்த வாரம் முதல் முறை, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

உட்லண்ட்ஸ் மகள் (திங்கள், இரவு 10.40)

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 63 வயது. செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வெல்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சென்ற மாதம் அவருக்குத் தீவிர லிம்ஃபோபிளாஸ்டிக் வகை இரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. கையில் ஏற்றும் மருந்தைத் தொடங்கிவிட்டார்கள். அதை அவர் தாங்கிக்கொண்டு வருகிறார். ஆனால் வரும் வியாழக்கிழமை முதுகுத்தண்டில் ஊசி போட்டு அதன் வழியாகவும் புற்றுநோய் மருந்தைச் செலுத்தப் போவதாகவும், அடுத்த சில மாதங்களில் இது பல முறை நடக்கும் என்றும் மருத்துவர் இன்று சொன்னதிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

என் கேள்விகள் எளிமையானவைதாம். நோய் இரத்தத்தில் இருக்கும்போது மருந்தை ஏன் முதுகில் போட வேண்டும்? தமக்குப் பிரசவத்தின்போது முதுகில் ஊசி போட்டார்கள் என்றும், இருபது ஆண்டுகளாகியும் இடுப்புவலி போகவில்லை என்றும் அத்தை சொல்கிறார். கால் விளங்காமல் போய்விடும் ஆபத்து உண்டா? ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அப்பாவுக்குத் தமிழும் பட்டறையில் பழகிய மலாயும்தான் தெரியும். "சாதாரண ஊசிதான் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுவோம், விவரம் சொன்னால் பயந்துவிடுவார்" என்கிறான் என் தம்பி. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஜூரோங்வாசி (திங்கள், இரவு 11.15)

சகோதரி, உங்கள் தம்பி சொல்வதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. என் அம்மா நோயுற்றிருந்தபோது நாங்கள் அப்படித்தான் செய்தோம். அறுபதைக் கடந்தவர்களிடம் ஒவ்வொரு ஆபத்தையும் எடுத்துச் சொன்னால், அவர்கள் நோயைவிட அந்த எண்ணத்தாலேயே தளர்ந்துவிடுகிறார்கள். மருத்துவர் தம் வேலையைச் செய்யட்டும், பிள்ளைகள் சுமையைத் தாங்கிக்கொள்ளட்டும், பெரியவர் நிம்மதியாக இருக்கட்டும் என்பது என் கருத்து. கருத்து வேறுபாடு உள்ளவர்கள் பொறுத்தருள வேண்டும்.

வகுப்பறை (செவ்வாய், காலை 6.20)

அன்பு மகளுக்கு வணக்கம். நான் உயர்நிலைப்பள்ளியில் தமிழ் கற்பிப்பவள். உங்கள் அப்பாவுக்கு வந்துள்ள இதே நோய் 2021இல், என் 44ஆம் வயதில், எனக்கு வந்தது. சிகிச்சைக் காலத்தில் மொத்தம் பன்னிரண்டு முறை எனக்கு முதுகுத்தண்டு ஊசி போடப்பட்டது. இன்று நான் மாடிப்படி ஏறுகிறேன், வகுப்பில் நின்று பாடம் நடத்துகிறேன். பதிலை இந்தச் செய்தியோடு தொடங்குவதுதான் முறை என்று நினைக்கிறேன்.

முதலில், ஏன் முதுகில் என்ற கேள்வி. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து தெளிந்த நீர் ஒன்று ஓடுகிறது. இரத்தத்தில் இருப்பதெல்லாம் அந்த நீருக்குள் போய்விட முடியாதபடி உடலே ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. நீங்கள் உட்லண்ட்ஸில் இருப்பதால், அங்குள்ள மலேசிய எல்லைச் சோதனைச்சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். கையின் இரத்தக் குழாய் வழியே ஏற்றப்படும் மருந்துகளில் பெரும்பாலானவற்றை அந்தச் சாவடி திருப்பி அனுப்பிவிடுகிறது. நோயுற்ற இரத்த அணுக்களான நோயணுக்களோ எப்படியோ அக்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிடக்கூடியவை. அங்கே மருந்து எட்டாததால் அவை பத்திரமாகப் பதுங்கியிருந்து, இரத்தம் சுத்தமாகிவிட்டது என்று எல்லாரும் மகிழ்ந்திருக்கும் வேளையில் மூளைப் பக்கமாகத் திரும்பி வருகின்றன. 1960களின் தொடக்கத்தில், மருந்தால் நோய் அடங்கிய குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அப்படித்தான் திரும்பி வந்தது. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் டொனால்ட் பிங்கல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் தனியாகச் சிகிச்சை தர வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற பிறகுதான், பிழைப்பதே அரிது என்றிருந்த நிலை மாறிப் பாதிப்பேர் பிழைக்கும் காலம் வந்தது. ஆகவே அப்பாவுக்கு மூளையில் நோய் பரவிவிட்டது என்று இந்த ஊசிக்குப் பொருள் கொள்ள வேண்டாம். பெரும்பாலும் பரவாமல் தடுப்பதற்காகத்தான் போடுகிறார்கள்.

எனக்கு இரண்டு மருந்துகளை மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஒன்று மெத்தோட்ரெக்சேட், மற்றொன்று சைட்டராபின். மெத்தோட்ரெக்சேட் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் இருக்கும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது, இந்த மஞ்சள் நீரா என் முதுகுக்குள் போகப் போகிறது என்று நடுங்கினேன். பிறகுதான் அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். நோயணுக்கள் பெருகுவதற்குத் தேவையான ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுப்பதுதான் இம்மருந்தின் இயக்கம். இந்த வகை மருந்துகளை உருவாக்கிய லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்ரகட சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவருடைய குழு உருவாக்கிய மருந்தைக் கொண்டுதான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் 1948இல் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவேனும் நோய் அடங்கியதை உலகுக்குக் காட்டினார். அதே ஆண்டு சுப்பாராவ் காலமானார். சென்னையில் படித்த ஒருவரின் கை இதில் இருக்கிறது என்று தெரிந்த பின், அந்த மஞ்சள் நிறத்தின்மேல் எனக்கு இருந்த அச்சம் பாதியாகக் குறைந்தது. அறிவுக்குப் பொருந்தாத ஆறுதல்தான் என்றாலும் அது எனக்கு உதவியது.

அடுத்து, ஊசி போடும் முறை. தண்டுவடம் நாம் நினைப்பதுபோல் இடுப்பின் அடிவரை நீள்வதில்லை. பெரியவர்களுக்கு அது விலா எலும்புகளுக்குச் சற்றுக் கீழே, முதலாம் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் மட்டும் குதிரைவால்போல் நீரில் தொங்குகின்றன. ஊசியை அந்தக் கீழ்ப்பகுதியில்தான், மூன்றாம் நான்காம் அல்லது நான்காம் ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு நடுவே, செலுத்துகிறார்கள். நீரில் தொங்கும் அந்த வேர்கள் பெரும்பாலும் ஊசி வரும்போது விலகிக்கொள்ளும். தண்டுவடத்தையே குத்திவிடுவார்கள், கால் போய்விடும் என்ற நம் வீட்டுப் பேச்சுக்கு விடை இதில் இருக்கிறது.

என்னைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, முழங்கால்களை மார்போடு சேர்த்து, தாடையைக் கீழே இறக்கச் சொன்னார்கள். "இறால் மாதிரி வளைந்துகொள்ளுங்கள்" என்றார் தாதி. முதுகு எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு எலும்புகளின் இடைவெளி திறக்கும். பிறகு குளிர்ந்த மருந்தால் முதுகைத் துடைத்தார்கள், மரத்துப்போவதற்கான சிறிய ஊசி எறும்புக்கடிபோல் எரிந்தது. அதன்பின் வலி என்பதைவிட, யாரோ கட்டைவிரலால் உள்ளே அழுத்துவதுபோன்ற உணர்வுதான். நீர் சொட்டுச் சொட்டாக வெளியே வரும், அதைச் சோதனைக்கு எடுத்துக்கொள்வார்கள், பின்னர் மருந்தை மெதுவாகச் செலுத்துவார்கள். எல்லாம் சேர்ந்து அரைமணி நேரம்.

இப்போது நான் மிக முக்கியமாகச் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று கேட்டு வளர்ந்தவள் நான். என் மூன்றாவது ஊசியின்போது, உள்ளே போன ஊசி எலும்பில் இடித்தது. மருத்துவர் திசை மாற்றினார். திடீரென்று இடது காலில் மின்னல் ஓடியது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். மறுபடியும் மின்னல். மறுபடியும் உதட்டைக் கடித்தேன். மூன்று முறை அப்படி நடந்தது. நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. முனகினால் மருத்துவரின் கை நடுங்கிவிடுமோ, அழுதால் நல்ல நோயாளி இல்லை என்று நினைப்பார்களோ என்று எனக்கு அச்சம். எல்லாம் முடிந்தபின் தாதி என் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தார், நானும் சொன்னேன். அந்த இளம் மருத்துவர் நாற்காலியை இழுத்து என் எதிரில் உட்கார்ந்தார். "இடது காலில் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஊசியை வலப்பக்கம் திருப்பியிருப்பேனே அம்மா. உள்ளே எனக்குக் கண் கிடையாது, நீங்கள்தான் எனக்குக் கண்" என்றார். அவர் அப்படிச் சொன்னபோதுதான் நான் அழுதேன்.

ஆகவே ஜூரோங்வாசி ஐயா அவர்களின் அன்பை மதித்துக்கொண்டே மறுக்கிறேன். இந்தச் சிகிச்சையில் நோயாளி வெறுமனே படுத்திருப்பவர் இல்லை. என்ன நடக்கிறது என்று தெரியாத ஒருவர், காலில் மின்னல் ஓடும்போது அதைத் தன் விதி என்று நினைத்து மௌனமாக இருந்துவிடுவார். மகளே, அப்பாவிடம் சொல்லுங்கள். மருத்துவமனையில் தமிழ் பேசும் ஊழியர் ஒருவரை மொழிபெயர்ப்புக்காகக் கேளுங்கள். பிள்ளைகள் மொழிபெயர்த்தால் பாசத்தில் பாதியை விழுங்கிவிடுவோம்.

ஓய்வுத்தாதி (செவ்வாய், பிற்பகல் 2.05)

ஆசிரியை எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் புற்றுநோய்ப் பிரிவில் நீண்ட காலம் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். படுக்கையின் இந்தப் பக்கம் நின்று நோயாளியின் தோளைப் பிடித்துக்கொள்வது எங்கள் வேலை. அதனால் சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

உட்லண்ட்ஸ் மகளே, அப்பா இரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை ஏதேனும் சாப்பிடுகிறாரா? ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவை. இதை இன்றே பாருங்கள். ஊசி போகும் இடத்தில் இரத்தம் கசிந்து கட்டிக்கொண்டால் அது நரம்புகளை அழுத்தும். கால் பலவீனமாவதற்கு உண்மையான காரணமாகக்கூடியவற்றில் இது ஒன்று, அரிதானது, ஆனால் தடுக்கக்கூடியது. இதனால்தான் ஊசிக்கு முன், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். பல இடங்களில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 50,000 என்ற அளவை எதிர்பார்க்கிறார்கள், குறைந்திருந்தால் முதலில் தட்டணுக்களை ஏற்றுவார்கள். அதனால் ஊசி தள்ளிப்போனால் வருத்தப்பட வேண்டாம். அதேசமயம், எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லி அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

இன்னொன்று. அப்பாவின் மருந்துப் பட்டியலில் வின்கிரிஸ்டின் என்ற பெயர் இருக்கலாம். அது இந்த நோய்க்கு மிகவும் பயன்படும் மருந்து. ஆனால் இரத்தக் குழாயில் மட்டுமே செலுத்தப்பட வேண்டியது. தவறுதலாக முதுகுத்தண்டில் போய்விட்டால் ஏறக்குறைய எப்போதும் உயிரைப் பறித்துவிடும். 2001இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஒரு பதினெட்டு வயது இளைஞர் அப்படி இறந்தார். அந்த நிகழ்ச்சி உலகெங்கும் எங்கள் தொழிலையே மாற்றியது. 2007இல் உலகச் சுகாதார நிறுவனம், வின்கிரிஸ்டினை ஊசிக்குழலில் வைக்காமல் சிறு பையில் கலந்து சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்ற வேண்டும் என்று எச்சரிக்கை வெளியிட்டது. பையை யாரும் முதுகுத்தண்டு ஊசியில் மாட்ட மாட்டார்கள் அல்லவா? இதனால்தான் முதுகுத்தண்டு ஊசியை வேறு நேரத்தில், வேறு அறையில், வேறு தட்டில் வைத்துச் செய்கிறோம். இரண்டு பேர் நோயாளியின் பெயரையும் அடையாள எண்ணையும் மருந்தின் பெயரையும் உரக்கப் படிக்கிறோம். நோயாளிகள் பலர், "நேற்றுக் கேட்டதைத்தானே இன்றும் கேட்கிறார்கள், என்னைத் தெரியாதா" என்று சலித்துக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து சலித்துக்கொள்ள வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பிள்ளையின் மரணம் இருக்கிறது. அப்பாவே தம் பெயரையும், "இன்று எனக்கு முதுகில் ஊசி" என்பதையும் உரக்கச் சொல்வது நல்லது.

ஊசி முடிந்ததும் தலையணை இல்லாமல் அரைமணியோ ஒரு மணியோ நேராகப் படுத்திருக்கச் சொல்வார்கள். மருந்து அந்த நீரில் நன்றாகப் பரவுவதற்காகத்தான். ஆகவே ஊசிக்கு முன் கழிவறைக்குப் போய்வரச் சொல்லுங்கள். சொல்வதற்குச் சிறியது, படுத்திருப்பவருக்கு மிகப் பெரியது.

பொங்கோல் தாய் (செவ்வாய், இரவு 9.50)

என் மகளுக்கு ஆறு வயதில் இந்த நோய் வந்தது. குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துத்தான் ஊசி போடுகிறார்கள் என்பதால் அவளுக்கு வலி தெரியாது. எழுந்ததும் மைலோ கேட்பாள். சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் நீண்டது, ஊசிகளை நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். நம் சிங்கப்பூர் மருத்துவர்களும் மலேசிய மருத்துவர்களும் 2003 முதல் ஒரே கூட்டுத் திட்டத்தின்கீழ் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முறையை வகுத்துவந்திருக்கிறார்கள் என்பதும், நோயணுக்கள் எவ்வளவு எஞ்சியிருக்கின்றன என்று நுட்பமாக அளந்து, குறைவாகத் தேவைப்படும் குழந்தைகளுக்கு மருந்தைக் குறைக்கிறார்கள் என்பதும் எனக்கு அப்போது பெரிய தைரியத்தைத் தந்தன.

நான் எழுத வந்தது வேறொன்றைப் பற்றி. ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் ஊசி போட்டு ஒன்பது நாள் கழிந்திருந்தது. அன்று காலை மகள் கரண்டியை வலக்கையிலிருந்து நழுவவிட்டாள். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். சிறிது நேரத்தில் அவள் பேச்சு குழறியது, வாய் ஒரு பக்கம் கோணியது. ஆறு வயதுக் குழந்தைக்குப் பக்கவாதமா என்று என் உடல் சில்லிட்டது. 995ஐ அழைத்தோம். அவசரச் சிகிச்சைப் பிரிவில் எங்களை முதலில் பார்த்தவருக்கு இந்த ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒன்பது நாளுக்கு முன் நடந்த ஊசிக்கும் இன்றைய வாய்க்கோணலுக்கும் தொடர்பு இருக்கும் என்று ஒரு தாய்க்கு எப்படித் தோன்றும்? பிறகு புற்றுநோய்ப் பிரிவு மருத்துவர் வந்து, இது மெத்தோட்ரெக்சேட்டால் சிலருக்கு வரக்கூடிய பாதிப்பு என்றும், ஊசிக்குப் பின் இரண்டு வாரங்களுக்குள் வருவது வழக்கம் என்றும், பெரும்பாலும் முழுமையாகச் சரியாகிவிடும் என்றும் விளக்கினார். எம்ஆர்ஐ எடுத்தார்கள். இரண்டு நாளில் அவள் கை திரும்பியது, பேச்சும் திரும்பியது. அடுத்த சில ஊசிகளில் அவளுக்குச் சைட்டராபினும் ஹைட்ரோகார்ட்டிசோனும் மட்டும் கொடுத்தார்கள்.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. ஊசி போட்ட தேதியையும் மருந்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதி அடையாள அட்டையோடு வைத்திருங்கள் என்பதற்காக எழுதுகிறேன். கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், வலிப்பு, குழப்பம், சிறுநீர் வராமை, கழுத்து விறைப்பு, 38 டிகிரிக் காய்ச்சல் ஆகியவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள். போனவுடனே "முதுகில் மெத்தோட்ரெக்சேட் போட்டிருக்கிறார்கள், இந்தத் தேதியில்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

ஜூரோங்வாசி (புதன், காலை 7.30)

நேற்று இரவு முழுவதும் இந்த இழையைப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் நாங்கள் மறைத்தோம் என்று எழுதினேன் அல்லவா? கடைசி மாதங்களில் அவர் எங்களிடம் எதையும் கேட்பதில்லை, எங்கே வலிக்கிறது என்றும் சொல்வதில்லை. அது அமைதி என்று நினைத்தோம். எங்களைச் சங்கடப்படுத்தக்கூடாது என்று அவரும் எங்களிடமிருந்து மறைத்திருக்கிறார் என்று இப்போது தோன்றுகிறது. என் முதல் பதிலை அழிக்க விரும்பவில்லை, ஆனால் அதை ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் சகோதரி.

உட்லண்ட்ஸ் மகள் (புதன், இரவு 8.10)

உங்கள் எல்லாருக்கும் என் நன்றி. தாதி அம்மா, நீங்கள் கேட்டிருக்காவிட்டால் பெரிய தவறு நடந்திருக்கும். அப்பாவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இந்த நோய் தெரிந்ததும் ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். ஆனால் வீட்டில் பழைய அட்டை ஒன்று மிச்சம் இருந்திருக்கிறது. "இதயத்துக்கு நல்லதுதானே" என்று வார்டிலிருந்து வீட்டுக்கு வந்த நாள்களில் அப்பா அதைத் தொடர்ந்து விழுங்கியிருக்கிறார். இன்று மருத்துவரிடம் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. ஊசியை வியாழனிலிருந்து திங்களுக்கு மாற்றி, இரத்தப் பரிசோதனையை மறுபடியும் எடுத்தார். ஃபோலிக் அமிலம் உள்ள சத்து மாத்திரையையும் கேட்காமல் சாப்பிட வேண்டாம் என்றார், கீரை சாப்பிடுவதைத் தடுக்கவில்லை.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். தமிழ் பேசும் ஊழியர் ஒருவர் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து விளக்கினார். அப்பா கேட்ட முதல் கேள்வி, "ஊசி எத்தனை கேஜ்?" என்பதுதான். பட்டறையில் தகட்டுக்கும் கம்பிக்கும் கேஜ் பார்த்துப் பழகியவர். மருத்துவர் சிரித்துவிட்டு 25 என்று சொன்னார். கேஜ் எண் கூடக்கூட ஊசி மெலிதாகும். "அப்படியானால் மெலிசுதான்" என்று அப்பா எங்களுக்கு ஆறுதல் சொன்னார்.

இன்னும் ஒரு கேள்வி. ஊசிக்குப் பின் தாங்க முடியாத தலைவலி வரும் என்கிறார்களே, அதற்கு என்ன செய்வது? செலவைப் பற்றியும் யாராவது சொல்ல முடியுமா?

வகுப்பறை (புதன், இரவு 11.00)

அப்பாவின் கேள்வி அருமையான கேள்வி. ஊசி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு குறைவு அந்தத் தலைவலி. முனையின் வடிவமும் முக்கியம். கத்திபோல் வெட்டிக்கொண்டு போகும் முனையைவிட, பென்சில் முனைபோல் இழைகளை விலக்கிக்கொண்டு போகும் ஊசி நல்லது, எல்லா மருத்துவமனைகளிலும் எப்போதும் அதையே பயன்படுத்துவார்கள் என்று சொல்ல இயலாது என்பதால் கேட்டுப் பார்க்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

எனக்குப் பன்னிரண்டில் இரண்டு முறை அந்தத் தலைவலி வந்தது. சாதாரணத் தலைவலியோடு அதைக் குழப்பிக்கொள்ள முடியாது. படுத்திருந்தால் ஒன்றுமில்லை. எழுந்து உட்கார்ந்த சில நிமிடங்களில் பின்மண்டையிலும் நெற்றியிலும் யாரோ இறுக்கிக் கட்டி இழுப்பதுபோல் வரும். மறுபடி படுத்தால் அலை வடிவதுபோல் வடிந்துவிடும். ஊசி போட்ட துளை வழியே நீர் கசிந்து, உள்ளே அழுத்தம் குறைவதுதான் காரணம். முதுகுத்தண்டில் மயக்க மருந்தை 1898இல் முதன்முதலில் செலுத்திப் பார்த்த ஜெர்மானிய மருத்துவர் ஆகஸ்ட் பீர், தம் உடலிலேயே சோதனை செய்யப் போய் இதே தலைவலியால் ஒன்பது நாள் அவதிப்பட்டார். அவரும் படுத்தால் சரியாவதையும் எழுந்தால் வருவதையும் எழுதி வைத்தார். அந்தக் குறிப்பைப் படித்தபோது, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முந்தைய ஒருவர் என் தலைவலியை எனக்காக எழுதி வைத்திருப்பதுபோல் இருந்தது.

நாள் முழுக்கப் படுத்தே கிடந்தால் இது வராது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை என்று என் மருத்துவர் சொன்னார். மருந்து பரவுவதற்காகப் படுக்கச் சொல்லும் நேரம் வேறு, இது வேறு. வந்துவிட்டால் படுப்பது வலியைக் குறைக்கும். நிறையத் தண்ணீர் குடித்தேன். மருத்துவர் அனுமதித்த வலி மாத்திரையோடு காப்பியும் குடித்தேன், காப்பியில் உள்ள கஃபீன் சிலருக்கு உதவும். முதல் முறை நான்கு நாளில் போனது. இரண்டாம் முறை ஒரு வாரமாகியும் போகாததால், என் கையிலிருந்து சிறிது இரத்தம் எடுத்து முதுகில் அந்தத் துளையின் அருகே செலுத்தினார்கள். அது உறைந்து துளையை அடைத்துவிடும். ஒரு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தேன். இத்தகைய "இரத்த ஒட்டு" முறையை இரத்தப் புற்றுநோயாளிகள் எல்லாருக்கும் செய்துவிட மாட்டார்கள், தட்டணுக்களையும் கிருமித்தொற்றையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். எது எப்படியானாலும், தலைவலி வந்தால் வீட்டில் பொறுத்துக்கொண்டு கிடக்காமல் சொல்லுங்கள். படுத்தாலும் போகாத தலைவலி என்றால் அது வேறு வகை, உடனே சொல்ல வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை மெடிஷீல்டு லைஃப் காப்பீடு, மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு இரண்டும் எனக்கு உதவின. புற்றுநோய் மருந்துகளுக்கு 2022 செப்டம்பரிலிருந்து தனிப் பட்டியலும் மாத வரம்பும் இருப்பதால், உங்கள் கணக்கை மருத்துவச் சமூக ஊழியரிடம் உட்கார்ந்து பார்ப்பதே சரி. இன்னும் தேவைப்பட்டால் மெடிஃபண்ட் என்ற அரசு உதவி நிதியைப் பற்றியும் அவரே சொல்வார்.

உட்லண்ட்ஸ் மகள் (அடுத்த செவ்வாய், காலை 9.25)

நேற்று முதல் ஊசி முடிந்தது. என்னை அறைக்குள் அனுமதிக்கவில்லை, கதவின் கண்ணாடி வழியே அவர் முகத்தின் பக்கம் மட்டும் பார்க்க முடிந்தது. அதன்பின் அப்பாவும் தாதியும் சொன்னதை எழுதுகிறேன்.

பெயரைக் கேட்டபோது அப்பா தம் பெயரையும் அடையாள எண்ணையும் சொல்லி, "முதுகு ஊசி, மெத்தோட்ரெக்சேட்" என்று தமிழ் உச்சரிப்பிலேயே சொன்னாராம். இறால்போல வளைவது அவருக்குச் சிரமமாக இருந்திருக்கிறது, வெல்டிங் வேலையில் முதுகு இறுகிப்போன உடம்பு. ஆகவே அவரைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார வைத்து, மடியில் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு முன்னால் குனியச் சொல்லியிருக்கிறார்கள். முதல் இடத்தில் எலும்பு இடித்தது. இரண்டாம் முறை ஊசி உள்ளே போனபோது, வெளியே நடைபாதையில் நின்றிருந்த எனக்கே கேட்கும்படி, "வலது கால்! வலது கால்!" என்று அப்பா கத்தினார். பட்டறையில் கிரேன் ஓட்டுபவருக்குக் கீழே நின்று குரல் கொடுப்பார்களே, அந்தக் குரல். மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தமிழ் ஊழியர் முன்பே எழுதிக் கொடுத்திருந்த தாளில் "வலது", "இடது" இரண்டும் ஆங்கில எழுத்தில் இருந்தன. அவர் உடனே ஊசியைச் சற்றுப் பின்னிழுத்து இடப்பக்கம் திருப்பினாராம். அடுத்த நொடியில் நீர் சொட்டியது என்று தாதி சொன்னார்.

முன்னர் "சாதாரண ஊசி" என்று சொல்லிவிடலாம் என்ற என் தம்பி, அந்தக் குரலைக் கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

தலையணை இல்லாமல் ஒரு மணி நேரம் படுத்திருந்தபோது என் கைப்பேசியில் ஒலி 96.8 வானொலி வைத்துக் கொடுத்தோம். இதுவரை தலைவலி இல்லை, இலேசான குமட்டல் மட்டும் இருக்கிறது. இன்று காலை ஊசி போட்ட இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கொசுக்கடியளவுதான் இருக்கிறது என்று அத்தையிடம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். பழைய ஆஸ்பிரின் அட்டையை அவரே குப்பையில் போட்டார். தேதியும் மருந்தின் பெயரும் எழுதிய தாள் அவருடைய அடையாள அட்டையின் பின்னால் இருக்கிறது, பொங்கோல் அம்மா.

பொங்கோல் தாய் (செவ்வாய், காலை 9.50)

படித்துவிட்டுச் சமையலறையில் நின்று அழுதேன். அடுத்த ஊசி என்றைக்கு?

உட்லண்ட்ஸ் மகள் (செவ்வாய், காலை 10.05)

வரும் திங்கள், சைட்டராபின். இந்த முறையும் உட்கார்ந்தே போட்டுக்கொள்வதாக அப்பா மருத்துவரிடம் சொல்லிவிட்டார்.